கொங்காடையோடு நின்ற எடை

வெள்ளக்கடை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

கௌரி எழுதுகிறேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதனால் பெங்களூருக்குக் கடிதம். இங்கே மழை விடவில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பழுத்து உதிர்கிறது. அம்மா நனைந்துகொண்டே பறிக்கப் போகிறார்.

பள்ளியில் கவிதா மிஸ் கலோரிப் பாடம் நடத்தினார். எடை, உயரம், வயது, செய்யும் வேலை இவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் தினமும் இவ்வளவு சக்தி வேண்டுமாம். மலைச்சரிவில் ஏறி இறங்குபவர்களுக்கு அதிகம் வேண்டும். சாப்பாடு குறைந்தால் உடம்பு தன்னையே எடுத்துச் செலவழிக்குமாம். வீட்டில் ஒருவருக்குக் கணக்குப் போட்டு வரச் சொன்னார். நான் அம்மாவுக்குப் போட்டேன்.

எஸ்டேட்டில் நடந்த முகாமில் நர்ஸக்கா அம்மாவை நிறுத்துப் பார்த்து, "போன வருசம் இருந்த அதே நாப்பத்தொம்பதுதானுங்க. நல்லாத்தான் இருக்கறீங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மாவின் தலையில், மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காடை, நனைந்து ஊறியபடி. இடுப்பில் பாதி நிரம்பிய பழப்பை. கேட்டால், கழற்ற மறந்துவிட்டதாம்.

நேற்று சாதிக் பாஷா அண்ணன் கடையில், மிளகு மூட்டை நிறுக்கும் தராசில் அம்மாவை வெறுமனே நிற்கச் சொன்னேன். நாற்பத்து மூன்று. "ஏனுங்கக்கா, எம்பட மொளகு மூட்டையே உங்களவிட கனமுங்க!" என்றார் அண்ணன். அம்மா வெகுநேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா சாப்பிடுவது, கணக்குப்படி வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தினமும் ராத்திரி எனக்கு மட்டும் தட்டு வைத்து, "ஆக்கறப்பவே உண்டுட்டேன் சாமி, நீ உண்ணு" என்கிறார். அதனால் நானும் சிநேகிதி வீட்டில் உண்டுவிட்டு வந்ததாகச் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது சோறு பானையிலேயே கிடக்கிறது. அம்மா என்னைப் பார்க்கிறார், நான் அம்மாவைப் பார்க்கிறேன். பிறகு அம்மா எழுந்து அதில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். காலையில் அந்தப் பழைய சோற்றுக்கும் இதே கதைதான். அசதியாக இருக்கிறது அப்பா, இரண்டு பேருக்குமே.

முந்தாநாள் போனில், "சோறு உண்டீங்களாப்பா?" என்று கேட்டேன். "அப்பவே உண்டாச்சு சாமி" என்றீர்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். இப்போது நம் வீட்டில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் நம்ப முடியவில்லை. உங்களுக்கும் கணக்குப் போட உட்கார்ந்தேன். எடை தெரியாததால் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

பொங்கல் வரைக்கும் காத்திருக்காதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் யாரும் முன்னாடியே உண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சாதிக் அண்ணன் கடைக்கு வாருங்கள். நான் அங்கேயே நிற்பேன். பையையும் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டுத் தராசில் ஏறுங்கள் அப்பா.

பானையில் உங்கள் பங்கையும் போட்டு வைத்திருக்கும் மகள்,
கௌரி