பதினோரு பவுண்டுப் பை

மார்ச் 2, ஞாயிறு

இன்று மாலை, தேவாலயத்திலிருந்து வந்து டையைக்கூடக் கழற்றாமல், தரையைத் துறப்பது என்று முடிவு செய்தேன். மனிதகுலம் மரத்திலிருந்து இறங்கிவந்ததற்கு நேர் எதிர்த்திசையில் எடுக்கப்பட்ட முடிவு என்பதால் தேதியோடு குறித்து வைக்கிறேன். இனி மலைக்குப் போனால் கூடாரத்துக்குள் தரையில் படுக்கமாட்டேன். இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டி, அதில் படுப்பேன்.

ரோண்டா உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"தூளியா? ஐம்பத்தெட்டு வயசுலயா?"

"முதுகுக்கு நல்லதாம்."

"சரி. யாரு ஆட்டறது?"

கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் இருவரும் பல மாநிலங்களைத் தாண்டிப்போகும் அப்பலேச்சியன் மலைப்பாதையில் ஒரு துண்டு நடக்கிறோம். ஜார்ஜியாவில் தொடங்கினோம். வர்ஜீனியாவுக்குள் வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. போன வருஷம் இரண்டாம் நாள் காலை கூடாரத்திலிருந்து என்னால் எழ முடியவில்லை. முதுகெலும்பில் ஏதோ ஒரு வட்டு இடம் மாறியிருந்தது. ரோண்டா இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு என்னையும் சாலைவரை நடத்திவந்தாள். திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த மே இதே இடத்துலருந்து நடக்கறேன். நீ வந்தா ரெண்டு பேர். வரலைன்னா ஒருத்தி."

பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. எது வலிக்கும் என்பதை முன்கூட்டியே அமைதியாகச் சொல்லிவிடுவாள்.

ஆகவே தூளி.

மார்ச் 5, புதன்

தூளி என்பது ஒரே பொருள் என்று நினைத்திருந்தேன். ஒன்பது அடி இருக்கிறது, பத்து அடி, பதினோரு அடி. ஒற்றைத் துணி, இரட்டைத் துணி. கொசுவலை சேர்த்துத் தைத்தது, தனியாக மாட்டுவது. இணையத்தில் தூளிக்காரர்களுக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே ஒரு கேள்வி கேட்டேன். ஒன்பது அடி வாங்கினால் வாழைப்பழம்போல் வளைந்துகிடப்பாய் என்றார் ஒருவர். பதினோரு அடி வாங்கினால் அதற்கேற்ற மரங்களைத் தேடியே ஆயுள் முடியும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என் உடல் எடையைக் கேட்டார். சொன்னேன். பிறகு அவரைக் காணோம்.

மார்ச் 6, வியாழன்

பதினோரு அடி.

மார்ச் 7, வெள்ளி

பத்து?

மார்ச் 15, சனி

என் பழைய மாணவன் கார்லண்டின் கடைக்குப் போனேன். மலையேறுகிறவர்களுக்கு வேண்டியதை விற்கிறான். முப்பது வருஷம் லத்தீன் சொல்லிக்கொடுத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி அவன்தான். மூன்று முறை பரீட்சையில் தோற்றும் என்மேல் கோபமில்லை.

"சார், பதினோரு அடி வாங்குங்க. நேரா படுக்காதீங்க, குறுக்கா படுங்க. முதுகு பலகை மாதிரி நிக்கும்."

முப்பத்தைந்து டாலர். மலிவுதான். மேலே கட்ட ஒரு தார்ப்பாய். மரம் காயப்படாமலிருக்க அகலமான பட்டைகள். முடிந்தது என்று நினைத்தபோது, அடியில் தொங்கவிட ஒரு போர்வை எடுத்துவந்தான். தூளியைவிட விலை அதிகம்.

"என்கிட்ட நல்ல தூக்கப்பை இருக்கு கார்லண்ட்."

"இருக்கும் சார். ஆனா அதுமேல நீங்க படுத்தா பஞ்சு நசுங்கிடும். கீழ காத்து அடிக்கும். சாலை உறையறதுக்கு முன்னாடியே பாலம் உறைஞ்சிடும்னு பலகை வெச்சிருப்பாங்களே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"நீங்கதான் சார் பாலம்."

வியாபாரப் பேச்சு. போர்வையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்றிரவு வீட்டுக் கொல்லையில் இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஒத்திகை பார்த்தேன். பனிகூட இல்லை, சும்மா வசந்தகாலக் குளிர். உடம்பின் முன்பக்கம் வியர்த்தது. முதுகுப்பக்கம் இறந்தவனுடையதுபோல் இருந்தது. ஒரே ஆளுக்குள் இரண்டு பருவங்கள். விடியும்வரை காத்திருக்கும் வீரம் என்னிடம் இல்லை; உள்ளே படுக்கைக்குப் போய்விட்டேன். ரோண்டா கண்ணைத் திறக்காமலே நகர்ந்து இடம்விட்டாள்.

"பாலம் வந்துடுச்சா?"

மார்ச் 29, சனி

அடிப்போர்வை வாங்கினேன். வாத்து இறகு வைத்தது இலேசு, ஆனால் என் ஓய்வூதியத்துக்கு அப்பாற்பட்டது. செயற்கைப் பஞ்சு வைத்ததை வாங்கினேன். அது மலிவு, ஆனால் கனம். இலேசாக இருப்பது மலிவாக இல்லை. மலிவானதும் இலேசானதுமாக ஒன்று கிடைத்தால் அதற்குள் என்னால் நுழையமுடியவில்லை.

முதுகு டாக்டர் சாப்பாடு, தண்ணீர் உட்பட இருபது பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாது என்றிருக்கிறார். இன்று எல்லாவற்றையும் பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டேன். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமலே பத்தொன்பது. ஒரு பிரட்டுத்துண்டோடு நான்கு நாள் நடக்கலாம்.

என்னால் போகமுடியாதா? அவள் மட்டும் போவாளா? போவாள். அதுதான். அவள் சொன்னால் போவாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தீர்வு கிடைத்தது. இவ்வளவு நாள் தெரியாமல்போனது வியப்பு.

இத்தனை வருஷமாகக் கூடாரத்தைப் பங்குபோட்டுத் தூக்கிவந்தோம். உள்கூடு அவளுக்கு, கம்பிகளும் மேல்துணியும் எனக்கு. இப்போது நான் கூடாரத்தில் படுக்கப்போவதில்லை. நான் படுக்காத வீட்டின் கூரையை நான் சுமப்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது? ரோண்டாவிடம் இதை விளக்கினேன். கம்பிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குடு."

"ஓராள் கூடாரம் ஒண்ணு வாங்கிக்கலாமே நீ. இலேசா வருது."

"வாங்கற காசெல்லாம் மரத்துல தொங்குது லைல்."

மூன்று பவுண்டு குறைந்தது.

ஏப்ரல் 12, சனி

இருவருக்கு ஒரு அடுப்பு போதும் என்று மன்றத்தில் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். உண்மைதான்; எங்களிடம் எப்போதும் ஒன்றுதான் இருந்தது. அது என் பையில் இருந்தது என்பது பழக்கமே தவிர விதியல்ல. பாத்திரமும் அடுப்போடு சேர்ந்ததுதானே.

ஏப்ரல் 13, ஞாயிறு

தண்ணீர் வடிகட்டி. மருந்துப் பெட்டி. (அவள் மருத்துவத் துறைக்கு நெருக்கமானவள்.)

ஏப்ரல் 19, சனி

ரோம தளபதி மாரியஸ் படையின் சாமான் வண்டிகளைக் குறைத்து, ஒவ்வொரு வீரனும் தன் பாரத்தைத் தானே சுமக்கச் செய்தான். வீரர்களை மாரியஸின் கோவேறு கழுதைகள் என்று கிண்டல் செய்தார்கள். காலைச் சிற்றுண்டியின்போது ரோண்டாவிடம் இதைச் சொன்னேன்.

"மாரியஸ் என்ன தூக்கினான்?" என்றாள்.

அதைப் பற்றிப் படித்ததாக நினைவில்லை.

மாலையில் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன். எடை குறைக்க மலை நடப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் வீட்டில் இவ்வளவு நாளில் எழுந்த ஒரே சண்டை அதனால்தான். "அந்தக் கைப்பிடி அழகுக்குன்னு நெனச்சியா? கடைவாய்ப்பல்லுக்கு எப்படி எட்டும்? வேலை செய்யற எடத்துல யார் மூஞ்சில முழிப்பேன் நான்?" கூடாரக் கம்பிக்கு ஒரு வார்த்தை பேசாதவள்.

பெண்கள் எதற்குக் கோபப்படுவார்கள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மே 3, சனி

கார்லண்டின் கடையில் பையைத் தராசில் மாட்டினோம். சாப்பாடு, தண்ணீர் நீங்கலாகப் பதினோரு பவுண்டு. கடையில் இருந்த இரண்டு இளைஞர்கள் கைதட்டினார்கள். வாழ்நாளில் உடல்வலிமை சார்ந்த எதற்கும் எனக்குக் கைதட்டல் கிடைத்ததில்லை.

"பிரமாதம் சார். மேடம் பை எவ்வளவு?"

"அதை நாங்க நிறுத்துப் பாக்கலை."

கார்லண்ட் பட்டைகளின் கொக்கியை நெடுநேரம் சரிபார்த்தான். பிறகு, "அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றான்.

மே 10, சனி

நடக்கத் தொடங்கிவிட்டோம். நேற்று மாலை காரை நடை முடியும் ஊரான பியரிஸ்பர்க்கில் விட்டுவிட்டு, இன்று காலை கார்லண்டின் வண்டியில் தொடங்குமிடத்துக்கு வந்தோம். நடந்துபோய்க் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது திட்டம்.

முதுகு வலிக்கவே இல்லை. மேட்டில் பாடினேன். ரோண்டா பின்தங்கினாள், இது முன்பு நடந்ததில்லை. நின்று நின்று அவளுக்காகக் காத்திருந்தேன். வயதாகிறது, பாவம்.

மே 11, ஞாயிறு

குறுக்காகப் படுத்தேன். கார்லண்ட் சொன்னது சரி. பலகைபோல் நிற்கிறது முதுகு. பல வருஷங்களில் இப்படித் தூங்கியதில்லை.

கூடாரம் இருபதடி தள்ளிச் சமமான இடத்தில் இருந்தது. தூளிக்குச் சமதரை வேண்டாம், மரம் போதும். கூடாரத்துக்கு மரம் வேண்டாம், சமதரை வேண்டும். இருவருக்கும் பொருந்தும் இடம் மலையில் அரிது என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. படுக்கும்போது இங்கிருந்து குட் நைட் சொன்னேன். பதில் வந்ததா, காற்றா தெரியவில்லை.

காலையில் அவள் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சட்டையின் தோள்பட்டை விலகியிருந்தது. பையின் பட்டை பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது.

"என்ன இது?"

"உன் அடுப்பு" என்றாள். "இது வடிகட்டி. இது கம்பி."

"சொல்லியிருக்கலாமே."

"போன வருஷம் ரெண்டு பையையும் தூக்கினேன் லைல். அப்ப உனக்கு நடக்க முடியல, சந்தோஷமா தூக்கினேன். இப்ப நீ பாட்டு பாடிட்டு நடக்கற."

அடுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல், எடையை மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டி முடிப்பதற்குள் அவள் கூடாரத்தைச் சுருட்டி, பையை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"நான் என் வேகத்துல போறேன். எனக்கு வேண்டியது எல்லாம் எங்கிட்ட இருக்கு."

"எங்கிட்ட தூளி இருக்கே."

"ஆமா," என்றாள். "அது இருக்கு."

அந்தப் பையோடு அவ்வளவு வேகமாக நடக்கமுடியும் என்று நினைத்திருக்கவில்லை.

அதே நாள், பிற்பகல்

உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். அவள் பையை நாங்கள் நிறுத்ததில்லை. ஆனால் அதற்குள் போன ஒவ்வொன்றையும் நான்தானே நிறுத்தேன்? அவுன்ஸ் அவுன்ஸாக. போன வருஷம் இரண்டு பையும் சேர்ந்து இருந்ததைவிட இந்த வருஷம் இரண்டும் சேர்ந்து கூடுதல். கூடுதல்! இரண்டு மாதமாக எடையைக் குறைத்தேனே, என்னத்தக் குறைச்சேன்? எங்க போச்சு அதெல்லாம்?

எங்க போச்சுன்னு தெரியாத மாதிரி கேக்கறேன் பார்.

மே 12, திங்கள்

ஓடையில் தண்ணீர் இருக்கிறது, வடிகட்டி இல்லை. நூடுல்ஸ் இருக்கிறது, அடுப்பு இல்லை. நூடுல்ஸை அப்படியே கடித்தேன். அறுபட்ட பிரஷ் கடைவாய்க்கு எட்டவில்லை. எதிரே வந்த ஒருவர் தண்ணீர் கொடுத்தார். பெரிய பையோடு ஒரு பெண்மணி முன்னால் போவதாகச் சொன்னார்.

"எப்படி இருந்தாங்க?"

"பாடிட்டுப் போறாங்க."

மதியம் சாலைக்கு இறங்கி, கார்லண்டை அழைத்தேன். வீடு திரும்ப அவன் வண்டியில் ஏறியதும் ரேடியோவைப் போட்டான்.

மே 14, புதன்

ரோண்டா பியரிஸ்பர்க்கிலிருந்து பேசினாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. உன் தோள்?"

"பழகிடுச்சு." தொடர்ந்தாள்: "வேலை செய்யற எடத்துல இன்னும் ரெண்டு வாரம் லீவு கேட்டேன். குடுத்துட்டாங்க. மேல நடக்கறேன்."

"நானும் வரட்டுமா? அடுப்பை நான் தூக்கறேன். எல்லாத்தையும் தூக்கறேன்."

"டாக்டர் இருபது பவுண்டுன்னு சொல்லியிருக்கார்."

"ரோண்டா."

"கோபம் இல்ல லைல். நிஜமா இல்ல. தனியா கூடாரத்துல ரெண்டாள் இடம் இருக்கு. கை கால நீட்டிப் படுக்கறேன். மழை வந்தா கேட்டுட்டே கெடக்கறேன். இவ்வளவு நாள் எனக்கு இது தெரியாமப் போச்சு."

சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மே 17, சனி

காலையில் மளிகைக்கு நடந்துபோனேன். பியரிஸ்பர்க்கில் நிற்கும் காரின் சாவி அவள் பையில் இருக்கிறது.