திருப்பாமல் பின்னிய ஸ்வெட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை உன் துணிப்பையைத் திறந்தேன். முதலில் வந்தது தலைவலித் தைலத்தின் வாடை. பஸ் ஓசூர் ரோட்டில் ஏறியதும் நெற்றியில் தடவிக்கொள்வாயே, அந்தத் தைலம். தடவிய விரலைத் துடைக்காமலேயே நூலைப் பிடிப்பாய். கம்பளி வாடையைச் சுலபத்தில் விடாது. இழையின் குணம் அது, வேறொன்றும் இல்லை. இப்படிச் சொன்னால், "ஆரம்பிச்சிட்டா லேப்காரி" என்று நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

பைக்குள் அந்தக் கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர் இருந்தது. பின்பக்கம் முடிந்திருந்தது. முன்பக்கம் பாதியில் நின்றிருந்தது. கண்ணிகள் ஊசியில் அப்படியே கோத்துக்கிடந்தன. உன் அடக்கம் முடிந்த அடுத்த வாரம் உன் வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே நின்று, "இது இன்னான்னு எனக்குத் தெரியலீங்க. உங்க பேரச் சொல்லி வெச்சிருந்தா" என்றார். வாங்கி அலமாரியில் வைத்தேன். ஒரு குளிர்காலம் முழுவதும் அது அங்கேயே கிடந்தது. இப்போது மழை தொடங்கிவிட்டது. ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

நம் முதல் பேச்சே சண்டைதான். பெங்களூரில் காக்ஸ் டவுனிலிருந்து பொம்மசந்திராவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நான் புதிது; கம்பெனி லேபில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தாள். இடது கையால் பின்னினாள்; ஆனால் சற்று முன்னால்தான் வருகைத் தாளில் வலது கையால் கையெழுத்துப் போட்டிருந்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"தப்பான கையில போடறீங்க" என்றேன்.

"ஸ்வெட்டர் வருதா, இல்லியா?"

"வருது."

"அப்புறம் இன்னா?"

உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாய். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார்களாம். எதிர்க் கட்டிலில் ஒரு பெண்மணி நாள் முழுக்கப் பின்னிக்கொண்டே இருப்பாராம். "அந்தம்மா மூஞ்சி குடுத்துப் பேசாது. நானா பாத்துக்கினே இருந்தேன். வூட்டுக்கு வந்து அண்ணன் சைக்கிள்ல ரெண்டு கம்பியப் புடுங்கி ஆரம்பிச்சேன். அண்ணன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்." எனக்கு விளங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்து பார்த்ததால் அவர் வலது கை செய்ததை நீ இடது கையால் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாய். இதைச் சொன்னதும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். "அப்போ இத்தினி வருசமா நான் கண்ணாடிக்குள்ளயா குந்திக்கினு இருந்தேன்?"

நானும் யாரிடமும் கற்றவள் இல்லை. சென்னையில் படித்தபோது பல்கலைக்கழக நூலகத்தில் யாரும் தொடாத ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அதிலிருந்த படங்களைப் பார்த்துப் பழகினேன். வேர்த்து ஊற்றும் விடுதி அறையில் ஸ்வெட்டர் பின்னியவள் நானாக மட்டும்தான் இருந்திருப்பேன். போட்டுக்கொள்ள ஒரு நாளும் குளிர் வரவில்லை. ஆனாலும் விடமுடியவில்லை. ஒற்றை நூல், ஓட்டையைத் தவிர ஒன்றுமில்லாத கண்ணிகள், அதிலிருந்து துணி என்று ஒன்று வருவது அன்றைக்கும் எனக்கு ஆச்சரியம், இன்றைக்கும் ஆச்சரியம். வேலை கிடைத்து பெங்களூருக்கு வந்தபோது குறைந்தபட்சம் டிசம்பர் என்ற ஒரு சாக்காவது கிடைத்தது.

பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு மாறினோம். நீ ஜன்னலோரம், நான் நடைபாதைப் பக்கம். இடத்தை மாற்றி உட்கார்ந்தால் உன் இடது முழங்கையும் என் வலது முழங்கையும் நடுவில் இடித்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்தால் உன் முழங்கை ஜன்னலை இடிக்கும், என் முழங்கை போகிறவர்கள் வருகிறவர்களை இடிக்கும். டிரைவர் முனிராஜுவுக்கு நம் ஊசிகளைக் கண்டாலே பயம்.

"அக்கா, நான் பிரேக் அடிச்சா அது யார் கண்ணுலயாவது பூடும். என்னைய ஜெயிலுக்கு அனுப்பிடாதீங்க."

"நீ மெதுவா ஓட்டு முனிராஜு. உனக்கொரு மப்ளர் போட்டுத் தர்றேன்" என்றாய்.

"போன வருசமும் இதேதான் சொன்னீங்க. என் கழுத்து அப்படியே கீது."

மப்ளர் அவருக்குக் கிடைத்தது. ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். வழியில் எங்கெங்கோ கண்ணிகளைத் தவறவிட்டிருந்தாய். நானாக இருந்தால் அவிழ்த்திருப்பேன். ஒரு கண்ணி பிசகினாலும் பத்து வரிசையை உருவிவிடுகிறவள் நான். நீ எதையும் அவிழ்த்ததில்லை. தப்பைக் காட்டினால், "அவுக்கறதுக்கா போட்டேன்?" என்பாய். அடுத்த கண்ணிக்குப் போய்விடுவாய்.

திருப்பாமல் பின்னலாம் என்று நாம் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். பின்னுகிற எல்லாருக்கும் தெரிந்த சள்ளை ஒன்று உண்டு. ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்ப வேண்டும். திரும்பி வரும் வரிசையில் நூலை முன்னால் வைத்து வேறு மாதிரி குத்த வேண்டும். உனக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஒருநாள் சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றுகிடந்தபோது என் செல்போன் அடித்தது. அப்போதுதான் ஒரு வரிசை முடித்திருந்தேன். பிடித்துக்கொள் என்று உன்னிடம் நீட்டினேன். நான் பேசி முடிப்பதற்குள் நீ கை சும்மா இராமல் உன் வழக்கப்படி இடது கையால் பின்னத் தொடங்கியிருந்தாய். துணியைத் திருப்பவே இல்லை. நான் வலப்பக்கம் கொண்டுபோன கண்ணிகள் உன் கையில் இடப்பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தன. துணியின் முகமும் மாறவில்லை. நீ துணியைத் தூக்கிக் காட்டினாய்.

"இப்போ சொல்லு, எது தப்பான கை?" என்றாய்.

அன்றுதான் இந்த ஸ்வெட்டரை முடிவு செய்தோம். ஆபீசில் உன் இருக்கைக்கு நேர் மேலே ஏசி. வருஷம் முழுவதும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பின்னிய ஸ்வெட்டரை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிடுகிறவள் நீ. இது உனக்கு, வேறு யாருக்கும் கிடையாது என்று கறாராகச் சொல்லித்தான் நூல் வாங்கினேன். உன் அளவெடுத்தேன். "இன்னா இது, ஷாமியானாவா?" என்று அளவைப் பார்த்து நீயே கேட்டாய். போகிற வரிசை என்னுடையது, வருகிற வரிசை உன்னுடையது. காலையிலும் மாலையிலும் அந்த ஸ்வெட்டர் நம் மடிகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தது. ஆபீசில் மனிதவளப் பிரிவுப் பெண் ஒருத்தி, பின்னல் மன அமைதி தரும் என்று நம்மைப் பேசக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? "எங்களுக்குச் சண்டைதாம்மா வருது" என்று சொல்லி அனுப்பிவிட்டாய்.

பிறகு வயிற்று வலி என்றாய். பரிசோதனை என்றாய். கணையம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது பையை உன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாய். உனக்கு ஊசி பிடிக்கத் தெம்பில்லை. நானும் பின்னலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். வராத ஒன்றை நீயும் எதிர்பார்க்கவில்லை. கேன்டீன் காபியைப் பற்றிப் பேசினோம். நான் கிளம்பும்போதுதான் சொன்னாய்.

"அந்த நூல் நல்ல நூல். அவுத்து, உன் சைசுக்கு ஏதாவது போட்டுக்கோ."

"சரி" என்றேன்.

லிஃப்டுக்குப் போகாமல் படிக்கட்டில் இறங்கினேன். டாக்டர் சொன்னதை நான் நம்பாமல் இருந்திருக்கலாம். உன் வீட்டுக்காரர் சொன்னதையும்தான். ஆனால் எதையும் அவிழ்த்தறியாத நீ அவிழ்க்கச் சொல்லிவிட்டாய். உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவிழ்க்கத்தான் உட்கார்ந்தேன். நீ சொன்னது, நான் சரி என்றது. யோசித்தாலும் அதுதான் நியாயமாகப் பட்டது. இல்லாத ஒருத்தியின் அளவுக்கு ஸ்வெட்டரை முடித்து என்ன செய்வது? ஊசியை உருவி நூலை இழுத்தேன். கடைசி வரிசை உன்னுடையது, விறுவிறுவென்று வந்துவிட்டது. அடுத்தது என்னுடையது. இறுக்கமான கை, ஒவ்வொரு கண்ணியாகத் தெறித்து வந்தது. மேசையில் குவிந்த நூலைப் பார்த்தேன். அவிழ்த்த நூல் நெளிநெளியாகத்தானே இருக்கும்? கொஞ்ச தூரம் அகலமான நெளிவு, அப்புறம் கொஞ்ச தூரம் நெருக்கமான நெளிவு. நீ எவ்வளவு தூரம், நான் எவ்வளவு தூரம் என்று நூலிலேயே தெரிந்தது. நனைத்து எடை கட்டித் தொங்கவிட்டால் எல்லாம் ஒன்றுபோல நேராகிவிடும். எத்தனையோ முறை செய்திருக்கிறேன், பத்து நிமிட வேலை. இந்த முறை செய்யவில்லை.

கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றினேன். என் வரிசையை முதலில் பின்னினேன். உன் வரிசைக்குத் துணியைத் திருப்பி வழக்கம்போலக் குத்தினேன். அது ஒட்டவில்லை. குறுக்கே கோடு போட்டதுபோல அந்த ஒரு வரிசை தனியாகத் தெரிந்தது. அதை உருவினேன். பிறகு துணியைத் திருப்பாமல், ஊசியை இடது கைக்கு மாற்றி, உன்னைப்போலச் செய்து பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், ஆனாலும் வரவில்லை. கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்து, என் வலது கை பின்னுவதை எதிரே பார்த்துப் பார்த்து இடது கைக்குப் பழக்கினேன். எதிர்க் கட்டில் பெண்மணியிடம் நீ கற்ற வழி. அந்த ஒரு வரிசையை முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

என் இடது கை தொளதொளவென்று பின்னுகிறது. உன் வரிசைகளுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பழகாத கைக்கு இறுக்கத் தெரியாது, அவ்வளவுதான். உன் கை ஏன் தொளதொளத்தது என்று கேட்டால், அதுவும் உனக்குப் பழகாத கைதான். இத்தனை வருஷச் சண்டையில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் பின்னிக்கொண்டு வந்தேன். ஸ்வெட்டரில் அக்குள் பகுதியைத் தாண்டிவிட்டேன். முனிராஜு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நீங்களே ரெண்டு பேர் வேலையும் செய்றீங்க?" என்று கேட்டார். மழைக்கு அந்த மப்ளரைச் சுற்றியிருந்தார், குறுகலான முனை வெளியே தெரிய.

முடிந்ததும் நானே போட்டுக்கொள்வேன். உன் இருக்கை இருந்த இடத்துக்கு இப்போது லேபை மாற்றிவிட்டார்கள். அதே ஏசி என் தலைக்கு மேலே ஓடுகிறது. ஸ்வெட்டர் எனக்கு அகலமாகத்தான் இருக்கும். குறைக்கப்போவதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்காரச் சொல்கிறார்கள். நான் நடைபாதைப் பக்கமே உட்கார்கிறேன். வரிசை முடியும்போது என்னை அறியாமல் ஊசியை இடப்பக்கம் நீட்டிவிடுகிறேன். ஒரு நொடி அப்படியே நிற்கிறது. பிறகு என் இடது கையே அதை வாங்கிக்கொள்கிறது.