பால் இல்லாத நாற்பது நாள்

மார்ச் 6

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பிரிப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்பீர்கள், நான் "ஆச்சு" என்பேன், அத்தோடு பேச்சு படுத்துவிடும். இது அப்படிப் பேசி முடிக்கிற சமாசாரம் இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். பதிலையும் தாளிலேயே எழுதுங்கள்.

முதலில் நல்ல செய்தி. என்னிடம் படிக்கிற பதினாறு பெண்களில் ஒருத்திகூட ஓடிப்போகவில்லை. போன வாரம் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு நடுங்கியவள், இன்றைக்கு இரண்டு தகட்டை நூல் பிடித்த மாதிரி ஒட்டிக் காட்டினாள். ஆறு மாதத்துக்கு என்னை இந்தப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பியது வீண் போகாது.

இனி விஷயம். நாளையிலிருந்து நாற்பது நாளைக்கு நான் பால் சாப்பிடப் போவதில்லை. பால் மட்டும் இல்லை. தயிர், மோர், வெண்ணெய், நெய், ஐஸ்கிரீம், எதுவும் கிடையாது. என்னை யாரும் பயமுறுத்தவில்லை, எந்தக் கூட்டத்திலும் சேரவும் இல்லை. என் வயிறு பல வருஷமாகப் படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியும். முதலுதவி அறை நர்ஸ் அக்காவிடம் மாத்திரை கேட்கப் போனேன். அவர் மாத்திரையை எடுக்காமல், காலையில் எழுந்ததும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பால் என்றேன். பதினொரு மணிக்கு? அதுவும் பால்தான். வெல்டிங் புகைக்கு நல்லது என்று இங்கேயும் ஆளுக்கு ஒரு டம்ளர் தருகிறார்கள். "நாப்பது நாள் நிறுத்திப் பாருங்க, தினம் ஒரு வரி எழுதி வைங்க. நாப்பத்தோராம் நாள் ஒரு டம்ளர் குடிங்க. உங்க வயிறே சொல்லிடும்" என்றார். அவ்வளவுதான். ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே மேகம் போட்டிருப்பதாகச் சொன்னீர்களே, மாடித் துணியை எடுத்துவிடுங்கள்.

உங்கள்
தீப்பொறி


மார்ச் 11

என் தீப்பொறிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். அது தப்பாய்ப் போயிற்று. வாய் தவறி ஒரு வார்த்தை விட்டேன், கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள் ஆகிவிட்டார்கள். எழுத்துப் பலகையில் மூன்றாம் வரியைக்கூடப் படிக்க முடியாத பெரியவர், பாலை நிறுத்தினால் எலும்பு உதிர்ந்துவிடும் என்று அடித்துச் சொன்னார். இரட்டைப் பிள்ளைக்காரி, ஆட்டுப்பால் குடிக்கலாமா என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். எதிர்க்கடை டைலர் மட்டும், தன் மனைவி காபியை நிறுத்தியபோது பத்து நாளைக்கு வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியவில்லை என்று பெருமூச்சு விட்டார்.

சிரிப்பு இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது வருஷமாகக் காலையில் நான்தான் பாலைக் காய்ச்சி உன் கையில் கொடுக்கிறேன். நீ குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். எனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூடத் தவறியதில்லை. அந்தப் பாலா உன்னைப் படுத்துகிறது? நல்ல செய்தி கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது என்கிறோம். இத்தனை நாளும் நான் வார்த்தது என்னவாம்?

இருந்து பார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பால்மேல் குற்றம் இல்லை என்று முடிவு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

மாடித் துணி நனைந்துவிட்டது. உன் கடிதம் மழைக்கு மறுநாள்தான் வந்தது.

உன்
கண்ணாடிக்காரன்


மார்ச் 24

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

இன்றோடு பதினெட்டு நாள். முதல் வாரம் சும்மா சொல்லக்கூடாது, நரகம்தான். பால் விடாத டீ கழனித்தண்ணீர் மாதிரி இருந்தது. கடையில் பிஸ்கட் உறையைத் திருப்பி எறும்பு எழுத்தைப் படித்தால் எல்லாவற்றிலும் பால் பவுடர். ரொட்டியிலும் இருக்கிறது. பால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. பதினோராம் நாள் எலக்ட்ரிகல் வாத்தியார் பிறந்தநாளுக்கு கேக் நீட்டினார். மறுக்க முடியாமல் ஒரு துண்டு சாப்பிட்டேன். மறுநாள் நோட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "காலை முழுக்க வலி. கேக் நன்றாகத்தான் இருந்தது."

அந்த ஒரு நாளைத் தவிர வயிறு அமைதியாக இருக்கிறது. நேற்று தலைக்கு மேலே வெல்டிங் வைப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் அண்ணாந்து நின்றேன். முன்பெல்லாம் வலி வந்தால், கேபிளைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்துகொள்வேன். அப்படி எத்தனை கேபிளைச் சரிபார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நேற்று ஒரு தடவைகூடக் குனியவில்லை.

நீங்கள் நேராகக் கேட்டுவிட்டீர்கள். நானும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு வெகு நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. சில நாள் நீங்கள் வாசலுக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் குடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் நிற்பீர்கள், நான் குடிப்பேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள்
தீப்பொறி


ஏப்ரல் 5

கண்ணாடிக்காரருக்கு,

பன்னிரண்டு நாளாயிற்று. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். போனில் மட்டும் தவறாமல் "சாப்பிட்டியா" என்கிறீர்கள். சாப்பிட்டேன் என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். நாம் பேசாமல் விட்ட விஷயம் இது ஒன்றுதான் என்றால் பரவாயில்லை.

தீப்பொறி


ஏப்ரல் 8

என் அன்புத் தீப்பொறிக்கு,

கோபம் இல்லை. நாலு தாள் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ தொட்டியில் ஊற்றியதைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் நான். காலி டம்ளரைப் பார்த்தால் குடித்துவிட்டாய் என்று நம்பிவிடுவேன். அப்புறம், நீ ஊற்றாமல் குடித்த நாட்களை நினைத்தேன். குடிக்கும்போது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. நான் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. கல்யாணமான மறுவருஷம், ஐந்தாம் மாதத்தில், நம் குழந்தை தங்காமல் போனதே, அன்றைக்கு நீ மயக்கத்தில் இருந்தாய். டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையே, பால்கீல் வாங்கிக் குடுத்தீங்களா இல்லையா?" என்று கேட்டார். நான் வாங்கிக் கொடுத்ததில்லை. கடை ஆரம்பித்து நாலே மாதம். விடியும்போது போவேன், நீ என்ன சாப்பிட்டாய், சாப்பிட்டாயா இல்லையா என்றுகூடக் கேட்டதில்லை. அந்த அம்மா வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

உன்னை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலையில் முதல் டம்ளர் காய்ச்சினேன். அப்புறம் நிறுத்தத் தைரியம் வரவில்லை. வேறு பிள்ளையும் நமக்கு வரவில்லை, ஆனாலும் காய்ச்சினேன். அது உன் உடம்புக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அது என் மனசுக்காகக் காய்ச்சிய பால். பாவம், நீ குடித்தாய்.

நீ போன பிறகும் பால்காரரை நிறுத்தவில்லை. தினமும் காய்ச்சி ஆற்றி டம்ளரில் ஊற்றி வைக்கிறேன். அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

உன்
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 17

என்னவருக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நாற்பத்தோராம் நாள். காலை ஏழு மணிக்கு கேன்டீனில் ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்தேன். என் வகுப்புப் பெண்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி சுற்றி நின்றார்கள். ஒன்பதரைக்கு வயிறு இறுக ஆரம்பித்தது, பத்தேகாலுக்கு முதலுதவி அறைக் கட்டிலில் சுருண்டுவிட்டேன். நர்ஸ் அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். பால் எனக்கு ஆகாது. பயப்படாதீர்கள், எலும்புக்கு என்னென்ன சாப்பிட வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். இத்தனை வருஷம் நான் என்ன நினைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குழந்தை போன அந்த வாரம் நான் பட்டறையில் கேஸ் சிலிண்டரை உருட்டினேன். வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாததைப் பார்த்து, என் வேலையால்தான் போயிற்று என்று மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுத் திட்டாமல் பாலைக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். மறுப்பதற்கு எனக்கு என்ன உரிமை? அதனால்தான் குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, உங்களுக்குச் சொல்லாமல் வேறு ஒரு டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். எல்லாத் தாளையும் பொறுமையாகப் பார்த்தார். "நீ உருட்டுனதாலயும் இல்ல, சாப்பிடாததாலயும் இல்லம்மா. சிலது தங்காது. யார் மேலயும் தப்பில்ல" என்றார். அன்றைக்கே ஓடி வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மறந்திருப்பீர்கள், கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்களை வீணாகப் பதினேழு வருஷம் நிற்க வைத்துவிட்டேன். அந்த டாக்டரம்மா சொன்னதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள்மேல் தப்பில்லை. மெதுவாக இரண்டு தடவை படியுங்கள்.

கடையை இரண்டு நாள் மூடிவிட்டு இங்கே வர முடியுமா? விருந்தினர் அறை இருக்கிறது. ஜன்னல் கொக்கி மட்டும் நிற்காது.

அந்தக் குழந்தைக்கு நான் ஒரு பேர் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வந்தால் சொல்கிறேன்.

உங்கள்
தீப்பொறி


ஏப்ரல் 20

என் தீப்பொறிக்கு,

இரண்டு தடவை இல்லை, டைலர் கடையில் விளக்கு அணைகிறவரை படித்தேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மூன்று நாள் விடுமுறை என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். காலை வண்டி ஒன்பது மணிக்கு அங்கே வரும் என்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வராதே, வகுப்பை விடாதே. விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். ஸ்க்ரூடிரைவர் கொண்டு வருகிறேன்.

நானும் ஒரு பேர் வைத்திருந்தேன்.

உன்
கண்ணாடிக்காரன்