விற்காத விற்பனை

3 மார்ச் 2008, நவுசோரி, ஃபிஜி

நியூசிலாந்து விசா வந்துவிட்டது. அப்பா, அம்மா, நான், மூன்று பேருக்கும். செப்டம்பர் முப்பதுக்குள் போய் இறங்க வேண்டும். அதற்கு முன் வரி அலுவலகத்தின் சான்றிதழ், பாக்கி எதுவும் இல்லையென்று. அப்பா கடையில் சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். எனக்கு எரிச்சல். விட்டுப் போகிறவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள்?

11 மார்ச்

சான்றிதழ் இல்லை. கடிதம். அப்பா பெயருக்கு: திரு. பல்ராம் அவர்களுக்கு. கடையின் கார்டு இயந்திரத்தில் சென்ற ஆண்டு பதிவான தொகை, வாட் வரிப் படிவத்தில் காட்டிய மொத்த விற்பனையைவிட அதிகம். வித்தியாசத்தின் பெயர்: மறைத்த விற்பனை. வரி, அதற்குமேல் அபராதம்.

படிவத்தை நிரப்பியவள் நான். மாதாமாதம், கல்லாவின் ரசீதுச் சுருளைப் பார்த்து, ஒரு சதம் விடாமல்.

அப்பாவைக் கேட்டேன். மாவு மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

12 மார்ச்

சொல்லிவிட்டார். 2006 டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வாரம், வங்கியின் பண இயந்திரம் காலி. சம்பளம் வாங்கிய நர்சுகளும் டீச்சர்களும் கடைக்கு வந்தார்கள். அப்பா அவர்கள் கார்டைத் தேய்த்துவிட்டு, கல்லாவிலிருந்து நோட்டு எடுத்துக் கொடுத்தார். பழகிவிட்டது. அடுத்த ஆண்டு முழுக்கச் சம்பளத்துக்குச் சம்பளம் வந்தார்கள். கார்டு இயந்திரத்தில் பணம் எடுக்கும் பொத்தானுக்கு வரம்பு உண்டு. அதனால் 'விற்பனை' என்று அமுக்கினார். கல்லாவில் அடிக்கவில்லை.

"ஒரு பிஸ்கட் பாக்கெட்டுகூட விக்கலியேம்மா. விக்காததை எப்படி அடிக்கிறது?"

கல்லா உண்மை. படிவம் உண்மை. கார்டு இயந்திரம் பொய் — அதைத்தான் நம்புகிறார்கள்.

கமிஷன் வாங்கினாரா? இல்லையாம். வாங்கியிருந்தால் ஒரு துண்டுச் சீட்டாவது இருந்திருக்கும்!

20 மார்ச்

தலைநகர் சுவா, வரி அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் யோகேந்திரா. பல்கலைக்கழகத்தில் என் பக்கத்து இருக்கை. அரசு ஏழைகளைச் சுரண்டுகிறது என்று இருபது பக்கம் எழுதியவன். இன்று கழுத்தில் டை.

பணம் வாங்கியவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி வா என்றான். "எல்லாரும் இங்கதானே இருப்பாங்க, ரோஷனி?"

எங்கே இருப்பார்கள்? வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகளைப் பார்க்காமலா தினமும் பஸ்ஸில் வருகிறான்?

7 ஏப்ரல்

ஆக்லாந்து. பிரிஸ்பேன். சாக்ரமென்டோ. பணம் வாங்கியவர்கள் பட்டியலில் பாதிக்குமேல் போய்விட்டார்கள்.

19 மே

மிச்சம் இருப்பவர்கள் அரசு ஊழியர்கள். இந்தக் காலத்தில் அரசுக்கு எதிராகக் கையெழுத்தா என்று கேட்கிறார்கள். எதிராக இல்லை, நடந்ததை எழுதுங்கள் என்றேன். கதவைச் சாத்தினார்கள்.

நர்ஸ் லித்தியா மட்டும் நின்றபடியே கையெழுத்திட்டாள். அப்பாவை மாமா முறை வைத்து 'மோமோ' என்று கூப்பிடும் பூர்வகுடி ஃபிஜியப் பெண். "மோமோ திருடன்னா நானும் திருடி. அதையும் எழுதிக்க."

2 ஜூலை

நான்கு கையெழுத்து. போதாதாம்.

ஒப்புக்கொண்டு கட்டிவிடலாம் என்கிறாள் அம்மா. கடை விற்கிற பணம் முழுக்க அதற்கே போகும். "போனா போவுது. எனக்கு இங்க தூக்கம் வரலடி." இரண்டாயிரமாம் ஆண்டுக் கலவரத்தில் இந்தியர் கடைகளோடு எங்கள் கடையையும் உடைத்தபோது அவள் உள்ளே இருந்தாள். அவளிடம் என்ன பேச?

ஆனால் செய்யாததைச் செய்தோம் என்று எழுதிக் கொடுப்பதா? அப்பா பேனாவை எடுத்தார். பிடுங்கினேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

14 ஆகஸ்ட்

யோகேந்திரா ஒரு வழி சொன்னான், ஃபைலைப் பார்த்தபடி. கடையையும் வழக்கையும் என் பெயருக்கு மாற்றினால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சான்றிதழ் கிடைக்கும். எனக்குக் கிடைக்காது.

"உன்னை அடகு வெச்சிட்டு நான் போவணுமா?" என்றார் அப்பா.

ஆமாம் என்றேன்.

25 செப்டம்பர்

நாந்தி விமான நிலையத்துக்கு பஸ். அம்மா அழவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமல் ஏறினார். பார்த்திருந்தால் இறங்கியிருப்பார்.

30 செப்டம்பர்

என் விசா இன்றோடு முடிகிறது.

20 அக்டோபர்

வரிக்கு எதிராக நான் கொடுத்த ஆட்சேபத்துக்கு இன்னும் பதில் இல்லை. இரவு கடையை மூடிவிட்டு இந்த மாதப் படிவத்தை நிரப்பினேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் கை தானாக பல்ராம் என்று எழுதிவிட்டது. அடித்தேன். மேலே ரோஷனி என்று எழுதி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன்.