மச்சானிடம் சேரவேண்டிய மூன்று சைபர்

என் அன்பு மச்சான்,

நீங்கள் போய் இன்று முப்பத்தோராம் நாள். தங்கச்சி நலம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு உங்கள் இடத்தில் புது டிஸ்பென்சர் வந்துவிட்டார். உங்கள் சொந்த மைக்ரோஸ்கோப்பைத் தங்கச்சி பெட்டியோடு என்னிடம் தந்துவிட்டாள்.

நோர்வூட்டில் நாம் உத்தியோகத்தர்கள் கூடும் மண்டபமும், அந்த ஞாயிற்றுக்கிழமையும் நினைவிருக்கிறதா?

"மச்சான், நான் கிருமி பாக்குறவன், நீங்க நட்சத்திரம் பாக்குறவரு. மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, ஒரு மைக்ரோன் நீளக் கிருமிய வரிசையா நிறுத்திக்கிட்டே போனா, ஒரு ஒளியாண்டுக்கு எத்தன வேணும்?" என்றீர்கள்.

கரும்பலகையில் நீங்களே போட்டீர்கள். இருபத்திரண்டு இலக்கம் வந்தது. எனக்குப் பத்தொன்பதுதான். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் என் பக்கம் சேர்ந்தார்கள்.

"மருந்துல தண்ணி கலக்குற மாதிரி சைபரையும் கலந்துட்டீங்களா ஐயா?" என்று தொழிற்சாலை டீமேக்கர் கேட்க, மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து 'மூணு சைபர் டாக்டர்' ஆனீர்கள்.

பிழை என்னுடையது, மச்சான். மாதாந்த அறிக்கையில் கொழுந்தின் நிறையை ஆயிரம் இறாத்தல் கணக்கில் எழுதி எழுதி, கடைசி மூன்று சைபரை விடுவது கைப்பழக்கமாகிவிட்டது. மைலை மைக்ரோனாக்கிய வரியிலும் விட்டுவிட்டேன். என் கிருமிகள் புளூட்டோவைச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டன. உங்களுடையவைதான் நட்சத்திரங்களின் பக்கம் போயின.

இதை நான் கண்டுபிடித்தது இப்போதல்ல, இரண்டு வருடங்களுக்கு முன். திருத்தும்போதுதான் பிழை விடுகிறேனோ என்று பயந்து நாலு தடவை சரிபார்த்தேன். பிறகு சொல்லப் பயந்தேன். உங்களைத் தூக்கிப் போகையில் பின்னால் ஒருவர், "பாவம், மூணு சைபர் போயிட்டாரு" என்றார். அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்றுத்தான் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடித் தகடுகளுக்கு அடியில் நாலாய் மடித்த தாள், உங்கள் கையெழுத்து. அதில் என் கணக்கை வரிவரியாக எழுதி, நான் சைபர்களை விட்ட இடத்தில் சிறிய வட்டம் போட்டிருந்தீர்கள். தெரிந்துகொண்டா அந்தப் பெயரைச் சுமந்தீர்கள்? எனக்காகவா?

தங்கச்சியிடம் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சிறிய வட்டத்தில் விரலை வைத்தாள்.

"இத அவரு இருக்கப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணே."

தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வரும் ஞாயிறு மண்டபத்துக்குப் போகிறேன். நாலு பேர் முன் நின்று பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பரவாயில்லை. அதே கரும்பலகையில் இருபத்திரண்டு இலக்கத்தையும் எழுதி, கடைசி மூன்று சைபரை விட்டவன் நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். தங்கச்சி முன்வரிசையில் இருப்பாள்.

பிழையைத் தன்னிடமே வைத்திருந்த,
உங்கள் மனைவியின் அண்ணன்