அந்த இரண்டு குழாய்களும் எங்கே போக வேண்டும், அண்ணா?

என் பிரியமுள்ள கரிமூஞ்சி அண்ணா,

நீ போன இடத்தில் ரேஞ்ச் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். செத்துப்போனவனிடம் ஒர்க்‌ஷாப் சந்தேகம் கேட்கும் தங்கை திருவனந்தபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணி தலைப்பிரசவத்துக்குப் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், அவள் அம்மாவின் லயத்து வீட்டில் இருக்கிறாள். மாதம் நிறைந்துவிட்டது. மழையில் எஸ்டேட் பாதை பெயர்ந்து கிடக்கிறது. எந்த ஜீப்காரனைக் கேட்டாலும் "அங்ஙோட்டு வரில்ல", அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று ஃபோனை வைத்துவிடுகிறான். மிச்சம் உன் ஜீப்தான். நாளைக் காலையில் அதில் போய் அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். புது லைசன்ஸ்காரி நான்தான் டிரைவர். சிரிக்காதே.

ஜீப்பை எந்த நிலையில் விட்டுப் போனாய் என்று நினைவிருக்கிறதா? டர்போ மாட்டினாய். டர்போ அழுத்தித் தள்ளுகிற காற்று சூடாகிறது, தண்ணீர் ஓடும் இன்டர்கூலர் வைத்து அதை ஆற்றினால் மலையில் இழுவை கூடும் என்று அம்மாவின் உயிரை எடுத்தாய். பழைய சாமான் கடையில் ஒன்றைப் பிடித்து வந்து பொருத்தினாய். தண்ணீர் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ரப்பர் குழாய்களைத் தொங்கவிட்டாய். அதற்குள் உனக்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. அவை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நானே எஞ்சினைக் குடைந்து பார்த்தேன். நம் ஊரில் எவன் வண்டியில் ஹீட்டர் போடுகிறான்? ஹீட்டருக்கான இரண்டு வாய்களும் மூடி போட்டுச் சும்மா கிடந்தன. இங்கே இரண்டு, அங்கே இரண்டு. ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் முடித்துவைத்தேன்.

கல்லாறு தாண்டி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது இழுவையே இல்லை. சூட்டு முள் சிவப்பில் போய் நின்றது. பானட்டிலிருந்து ஆவி. கயிறு கட்டி இழுத்துத்தான் உன் சிநேகிதன் ஷிபு சேட்டனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம்.

"மோளே, ஹீட்டர் லைன்ல வர்றது எஞ்சின்லயே கொதிச்ச வெள்ளம். அத வெச்சா காத்த ஆத்துவ? இது கூலர் அல்ல, குக்கராக்கும்."

"அப்ப அண்ணன் எங்க குடுக்க நெனச்சான்?"

"இதுக்குன்னு தனியா ஒரு குட்டி ரேடியேட்டரும் பம்பும் வெக்கணும். அதுக்கு இப்ப எவிடெ நேரம்? கழட்டிடலாம். பின்னெ, எஞ்சின் மூடிக்கு அடியில உள்ள ஹெட் கேஸ்கெட் வெந்திருக்கான்னு அறியில்லா. ரேடியேட்டர்ல குமிழி வருது. மெல்லப் போனா தாங்கும். வாக்கு தரமாட்டேன்."

கேஸ்கெட் போயிருந்தால் பாதி மலையில் வண்டி படுத்துவிடும். அண்ணியிடம் மறைக்க மனம் வரவில்லை, ஃபோன் செய்தேன்.

"அண்ணி, வண்டி ஏறுமான்னு தெரியல."

"போ பாப்பா. வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு சிரிக்க முடியல."

"நெசமாத்தான் சொல்றேன்."

"போன மாசம் கரடி வந்துருச்சுன்னு சொன்னதும் நெசமாத்தானே?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் அண்ணியே நம்ப மாட்டேன் என்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல, உன்னைத் தவிர?

நீ கடைசியாக முறுக்கிய போல்ட்டுகளை இன்று நானே கழற்றினேன். ஒன்று அசையவே இல்லை. ஷிபு சேட்டன் உதவ வந்தார், வேண்டாம் என்றேன். ஸ்பானரில் தொங்கிக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிய பிறகுதான் அது கழன்றது. அழுதேனா என்று கேட்காதே. டர்போ காற்று இனி சூடாகவே எஞ்சினுக்குள் போகும். ஹீட்டர் வாய்களை மறுபடி அடைத்தாகிவிட்டது. அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருக்கிறாள்.

நாளை ஏறாவிட்டால் என்ன செய்வேன்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு வேடிக்கையாக எதுவும் வரமாட்டேன் என்கிறது, அண்ணா.

இதை மட்டும் எழுதித் தருகிறேன். முதல் கியரில், நின்று நின்று ஆறவைத்து ஏற்றுவேன். முள் சிவப்புக்குப் போனால் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு மீதி மலையை நடந்தே ஏறுவேன். பிரசவம் முடிந்து அண்ணி கண் விழித்துப் பார்க்கும்போது அவள் பக்கத்தில் நம் வீட்டு ஆள் ஒருத்தி இருப்பாள்.

உன் பிள்ளைக்கு அத்தையாகப் போகிற,
உன் குட்டிச்சாத்தான் தங்கை