உங்கள் நீலக் கார் அந்த வளைவில் இறங்கியது

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தானே திரும்பிப் பார்ப்பீர்கள்? போன சனிக்கிழமை மான்டரே மலையில், நம் பழைய ரேஸ் மைதானத்தில், உங்கள் நீலக் காரை நானே ஓட்டினேன். ஆமாம், ஃப்ரீவேயில் லேன் மாற்றவே முருகா முருகா என்கிற உங்கள் மனைவிதான்!

வருஷா வருஷம் ஃப்ரீமான்ட் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய் அந்தப் புல்மேட்டில் உட்காருவோமே. கீழே அந்தக் காலத்துக் கார்கள் சீறும்போது, "விடாதே, மிதி!" என்று கத்துவீர்கள். எனக்கு மானம் போகும். பந்தயமில்லாத சில நாட்களில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் சுற்றி வரலாம் என்று தெரிந்ததும் எப்படிக் குதித்தீர்கள்! அதற்குள் போய்ச்சேர என்ன அவசரம் உங்களுக்கு?

நீங்கள் போனபிறகு கார் கராஜிலேயே நின்றது. "லெட் இட் கோ, அம்மா" என்றாள் நம் மகள் நிலா. அப்பா ஆசைப்பட்ட சுற்றை ஓடாமல் அது கைமாறாது என்றுவிட்டேன்.

நிலாவோடு அங்கே போய் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். காரைச் சோதிக்க வந்தவர் குனிந்து பார்த்து, "வாட் இஸ் திஸ், மேம்?" என்றார். பாதையில் சாறு பட்டால் வழுக்குமாம். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிலா பிள்ளையாரைத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பார்க்கிங்குக்குத் திரும்பிப்போய்ப் பழங்களை நசுக்கி, டயரைத் துடைத்துவிட்டு வந்தோம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

வழிகாட்டும் கார் முன்னே போக, மற்ற கார்களோடு நானும் வரிசையாகப் பின்னே. மலையுச்சியில் ரோடே காணாமல் போகுமே, அந்த இடம். எதிரே வானம் மட்டும். முருகா என்று பிரேக்கை மிதித்தேன். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இடது, உடனே வலது, சரேலென்று பள்ளம். இறங்கிவிட்டதுங்க! அழுதுகொண்டே சிரித்தேன். இத்தனை பெருமை எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து, நிலா எடுத்த வீடியோவைப் பார்த்தேன். நம் புல்மேட்டில் நின்று எடுத்திருக்கிறாள். உச்சியில் கார் தயங்குகிறது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், தொண்டை கிழியக் கத்துகிறாள்:

"விடாதம்மா, மிதி!"

காரை விற்கப்போவதில்லை. அடுத்த வருஷம் அவள் ஓட்டுவாள். மேட்டில் நின்று உங்கள் பங்குக்கும் நான் கத்துகிறேன்.

இன்றும் என்னங்க என்றே கூப்பிடும்
உங்கள் மனைவி வசந்தி